உசிலம்பட்டியில் எரிந்த மஞ்சள் விளக்கு

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பரிசோதனைக்காக மாதம் ஒரு முறையாவது போடியிலிருந்து மதுரைக்குப் போய்வந்துகொண்டிருந்தோம். சென்ற ஆண்டு ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு காலைப்பொழுதில் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி உசிலம்பட்டிக்குள் நுழைந்தபோது, பேருந்து நிலையத்துக்கு முன்னால் நல்ல நெரிசல். வண்டி நின்று நின்று நகர்ந்தது. அப்போதுதான் வேகமானிக்குக் கீழே அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சினைக் கோட்டுருவமாக வரைந்தது போன்ற சின்னப் படம். சாவியைத் திருப்பும்போது ஒரு கணம் எரிந்து அணைவதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். இந்த முறை அணையவில்லை.

“என்ன விளக்கு தம்பி அது?” என்றார் அம்மா. பார்வை மங்கியிருந்தாலும் வெளிச்சம் அவருக்குத் தெரிந்துவிடும்.

ஓரமாக நிறுத்தினேன். வெப்பமானி நடுவில் இருந்தது. எண்ணெய் விளக்கு எரியவில்லை. எஞ்சின் குலுங்கவில்லை, புகையில்லை, தீய்ந்த வாடை இல்லை. விளக்கு நிலையாக எரிந்தது, கண் சிமிட்டவில்லை. இந்த வேறுபாட்டை எல்லா ஓட்டுநர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். எண்ணெய் அழுத்தமோ வெப்பமோ சிவப்பில் எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும். மஞ்சள் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியேறுகிறது என்று பொருள். அந்தப் பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடக்கூடும். ஆகவே அப்போதும் வேகத்தைக் குறைத்து நிறுத்துவதே நல்லது. நிலையாக எரிந்தால், பதறாமல் ஊர் போய்ச் சேர்ந்து காரணத்தைத் தேடலாம். மதுரைக்குப் போனோம், பரிசோதனை முடித்தோம், மாலையில் வீடு திரும்பினோம். விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது.

எங்களுடையது 2015-இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். அப்போது 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. நான் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறவன். எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எண்ணெய் மாற்றும் தேதி மட்டுமே. ஆகவே மறுநாளே வண்டியை ஒரு பெரிய பட்டறையில் விட்டேன். பிழை எண்ணைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினார்கள். பி 0171 என்று ஓர் எண் வந்தது. எரிபொருள் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பது அதன் பொருள். “ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது சார்” என்றார் அங்கிருந்த இளைஞர். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைக் கண்டு சொல்லும் சின்னக் கருவி அது. புதிய சென்சார் 6,800 ரூபாய், கூலி தனி. மாற்றினார்கள், விளக்கை அழித்தார்கள். மாற்றிய பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டேன். கடையில் ஒரு மூட்டை கைமாறினால்கூட மாதிரி எடுத்துவைப்பது எங்கள் வழக்கம். அந்தப் பழக்கம்தான் பின்னால் கைகொடுத்தது.

இன்னொன்றையும் அவர்களிடம் சொல்லியிருந்தேன். சில வாரங்களாகவே காலையில் வண்டியைக் கிளப்பும்போது ஒரு ‘டிக் டிக்’ ஒலி. “தையல் மெஷின் ஓடுகிற மாதிரி கேட்கிறதே” என்று முதலில் சொன்னவர் அம்மாதான். ஐந்து நிமிடம் ஓடியதும் ஒலி மறைந்துவிடும். வால்வுச் சத்தமாக இருக்கும், வயதான எஞ்சினில் அது இயல்பு என்று பட்டறையில் சொன்னார்கள். நானும் ஏற்றுக்கொண்டேன்.

பதினோராம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது. அதே எண்.

இரண்டாவது பட்டறைக்காரர் இன்னும் பெரிய கணக்குச் சொன்னார். கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது ஆக்சிஜன் சென்சாரையும் மாற்றிப் பார்க்கலாம், சரியாகவில்லை என்றால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியை, அதாவது இசிஎம்மை, மாற்ற வேண்டியிருக்கும் என்றார். மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டும். அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்கு எடுத்துவைத்திருந்த பணம் அதில் பாதிகூட இல்லை. “மாற்றிப் பார்க்கலாம்” என்ற அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் தொழிலில் இருப்பு இடித்தால் பேரேட்டையே தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதில்லை. எந்தப் பதிவு எங்கே தவறியது என்று தேடுவோம். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அடுத்த மூன்று வாரம் இரவுகளில் படித்தேன். வண்டியின் பழுதுபார்ப்பு நூலின் மின்படி ஒன்று கிடைத்தது. அதோடு ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி, ப்ளூடூத் வழியே கைபேசியில் எண்களைக் காட்டும் சின்னக் கருவி ஒன்றை 900 ரூபாய்க்கு வாங்கினேன். அந்தச் சாக்கெட்டில் எட்டு எட்டாக இரண்டு வரிசை, 16 முனைகள். எந்த நாட்டுக் கார் ஆனாலும் பெரும்பாலும் இதே வடிவம்தான். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லாக் கார்களிலும் இதைக் கட்டாயமாக்கினார்கள். இந்தியாவில் பிஎஸ்-4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட வண்டிகளுக்கு 2010 ஏப்ரலில் முதற்கட்டமாகவும், 2013 ஏப்ரலில் முழு அளவிலும் வண்டி தன் பழுதைத் தானே சொல்லும் இந்தத் தன்னறிவிப்பு முறை வந்தது. பதினாறாவது முனைக்கு பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். கருவியை நாள்கணக்கில் செருகியே வைத்திருந்தால் பேட்டரி இறங்கிவிடும். வேலை முடிந்ததும் பிடுங்கிவிட வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்கு வித்திட்டது லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துப் புகைமூட்டம். காரின் புகையைச் சுத்தப்படுத்தும் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்ய வேண்டுமானால், ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக்கணக்கு ஏறத்தாழப் பிசகாமல் இருக்க வேண்டும். பழைய கார்களில் பெட்ரோலையும் காற்றையும் கலந்த கார்புரேட்டரால் அந்த நுணுக்கத்தை எட்ட முடியாது. ஆகவே புகைக்குழாயிலேயே ஓர் உளவாளியை வைத்தார்கள். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் உருவாக்கிய ஆக்சிஜன் சென்சார், 1976-இல் கலிஃபோர்னியாவுக்குப் போன வால்வோ கார்களில் முதன்முதலாக வந்தது. இன்று நம் தெருவில் ஓடும் ஏறத்தாழ எல்லாப் பெட்ரோல் கார்களிலும் அதன் வாரிசுகள் இருக்கின்றன.

அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தனை எளிமை. சிர்கோனியா என்ற பீங்கான் வகையில் செய்த விரற்கூடு போன்ற ஒரு சின்னக் குப்பி. உள்பக்கம் வெளிக்காற்று, வெளிப்பக்கம் புகை. 300 டிகிரிக்கு மேல் சூடேறினால் அந்தப் பீங்கான் ஆக்சிஜன் அயனிகளைக் கடத்தத் தொடங்கும். இரண்டு பக்கமும் ஆக்சிஜன் அளவு எவ்வளவு வேறுபடுகிறதோ, அதற்கேற்ப மின்னழுத்தம் பிறக்கும். புகையில் ஆக்சிஜன் இல்லையென்றால், அதாவது பெட்ரோல் மிகுதியென்றால், 0.8 அல்லது 0.9 வோல்ட். ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட். நடுக்கோடு 0.45. இசிஎம் இந்த ஏற்ற இறக்கத்தை நொடிக்கு நொடி பார்த்து, பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் அந்த நடுக்கோட்டை ஒட்டியே வண்டியை ஓட்டுகிறது.

இப்படிக் கூட்டுவதையும் குறைப்பதையும் அது எழுதிவைக்கவும் செய்கிறது. எனக்கு எல்லாம் விளங்கத் தொடங்கியது இந்த இடத்தில்தான். குறுகியகாலத் திருத்தம், நீண்டகாலத் திருத்தம் என்று இரண்டு எண்கள். முதலாவது குறிப்பேடு, இரண்டாவது பேரேடு. அன்றாடம் நடப்பதெல்லாம் குறிப்பேட்டில் ஏறும். தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் அது பேரேட்டுக்குப் போய் நிலைக்கும். நல்ல வண்டியில் பேரேட்டு எண் பூஜ்யத்தை ஒட்டி, ஐந்து பத்து விழுக்காட்டுக்குள் மேலும் கீழுமாக இருக்கும். அது கூட்டல் பக்கம் 25-ஐ நெருங்கினால், “இவ்வளவு பெட்ரோல் ஊற்றியும் போதவில்லை என்கிறார்கள், இனி என்னால் ஆகாது” என்று இசிஎம் விளக்கைப் போட்டுவிடும். எந்த எண்ணில் போடும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். பி 0171 என்பது இந்தக் கைவிரிப்பு. சென்சார் கெட்டுவிட்டது என்று அந்த எண் எங்குமே சொல்லவில்லை. அந்த வரியை நான் மீண்டும் மீண்டும் படித்தேன். என்னிடமிருந்து 6,800 ரூபாயை வாங்கியது, அந்த எண் சொல்லாத ஒரு சொல்.

இதற்கிடையில் எத்தனாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 14.7 என்பது கலப்பில்லாத பெட்ரோலுக்கான கணக்கு. இப்போது பெட்ரோல் பங்குகளில் வரும் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது ஏறத்தாழ 13.5. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் எரிவதற்குத் தேவையான காற்று குறைவு. எனவே பழைய வண்டிகளில் பேரேட்டு எண் கொஞ்சம் கூட்டல் பக்கம் நிற்பது இயல்பு. ஐந்தாறு விழுக்காட்டைப் பார்த்துப் பயந்து யாரும் பட்டறைக்கு ஓட வேண்டாம்.

விளக்கு எரியும்போது இசிஎம் செய்யும் இன்னொரு வேலையும் எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. பிழை பதிவான அந்தக் கணத்தில் எஞ்சின் சுழற்சி எவ்வளவு, வேகம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, திருத்தம் எவ்வளவு என்று ஒரு வரிசை எண்களை அப்படியே உறையவைத்து வைத்திருக்கிறது. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று கைபேசிச் செயலி அதைக் காட்டியது. உசிலம்பட்டியில் பதிவான முதல் பதிவு எனக்குக் கிடைக்கவில்லை. விளக்கை அழித்தால் அதுவும் சேர்ந்து அழிந்துவிடும். பட்டறையில் பிழையை அழிப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அவசரப்பட்டு அழிக்கவும் தேவையில்லை. பழுது உண்மையில் நீங்கிவிட்டால், வழக்கமாகத் தொடர்ந்து மூன்று முறை ஓட்டிய பிறகு விளக்கு தானே அணையும். நாற்பது முறை எஞ்சின் சூடேறி ஆறிய பிறகு பதிவும் தானாகவே மறையும்.

நல்லவேளையாக, இரண்டாவது முறை எரிந்ததை யாரும் அழித்திருக்கவில்லை. சுழற்சி 780. வேகம் பூஜ்யம். வெப்பம் 91. நீண்டகாலத் திருத்தம் கூட்டல் 24.2. வேகம் பூஜ்யம்! வண்டி நின்றுகொண்டிருந்தபோது பதிவான பிழை அது. உசிலம்பட்டியிலும் வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டு வாசலில் வண்டியைச் சூடேற்றி, கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு எண்களைத் தாளில் குறித்தேன். சும்மா ஓடும்போது இரண்டு திருத்தங்களையும் சேர்த்தால் 28. ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 சுழற்சியில் நிறுத்தினால் 7. விட்டால் மறுபடி 28. பத்து முறை செய்தேன், பத்து முறையும் அப்படியே. இது பெரிய செய்தி. பெட்ரோல் பம்போ ஃபில்டரோ பலவீனமென்றால், அதிகப் பெட்ரோல் தேவைப்படும் வேகத்தில்தான் குறை மிகும், சும்மா நிற்கும்போது தெரியாது. இங்கே நேர்மாறு. எங்கோ ஒரு சின்ன ஓட்டை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதன் வழியே வரும் காற்று பெரிய பங்கு. வேகமாக ஓடும்போது அது பொருட்டே இல்லை.

காற்றுக் குழாய்களையெல்லாம் தடவிப் பார்த்தேன். ரப்பர் குழாய் எதிலும் வெடிப்பு இல்லை. பிறகுதான் அந்த முரண்பாடு கண்ணில் பட்டது. கன்வர்ட்டருக்குப் பின்னால் இன்னோர் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறதல்லவா, அதன் எண் 0.8 வோல்ட்டில் அசையாமல் நின்றது. பெட்ரோல் மிகுதி என்பதற்கான எண். முன்னால் இருக்கும் சென்சார் “பெட்ரோல் போதவில்லை, இன்னும் ஊற்று” என்கிறது. அரை மீட்டர் தள்ளி, அதே குழாயில், அதே புகையைப் பார்க்கும் பின்சென்சார் “பெட்ரோல் வழிகிறது” என்கிறது. ஒரே வரவுக்கு இரண்டு புத்தகத்தில் இரண்டு தொகை. எனக்குப் பழக்கமான இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன். இப்படி வந்தால் இரண்டு புத்தகத்தில் எதையும் தள்ளிவிடாமல் மூன்றாவதாக ஒரு சான்றைத் தேட வேண்டும்.

மூன்றாவது சான்று ஸ்பார்க் பிளக். ஒன்றைக் கழற்றினேன். பெட்ரோல் குறைவாக எரியும் எஞ்சினில் பிளக் முனை வெளுத்திருக்கும். என் கையில் இருந்ததோ, மண்ணெண்ணெய் விளக்குக் கண்ணாடியில் படியும் கரி போல, விரல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் கறுப்பு. நான்கும் அப்படியே. லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 13-க்கு இறங்கியிருந்ததற்கும் இதுவே விடை. எஞ்சினுக்குள் பெட்ரோல் மிகுதி. முன்சென்சாருக்கு மட்டும் ஆக்சிஜன் தெரிகிறது. அப்படியானால் அந்த ஆக்சிஜன் எஞ்சினிலிருந்து வரவில்லை.

இந்த வரியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பெரியகுளம் பக்கம் சிறிய பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கைத் தேடிப் போனேன். வயது எழுபதை நெருங்கும். எங்கள் கடை லாரிகளை முன்பு அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். எண்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி.

“காலையில் கிளப்பும்போது ஏதாவது சத்தம் வருமா தம்பி?”

“வரும் அண்ணே. தையல் மெஷின் மாதிரி என்று அம்மா சொல்வார்.”

“சூடானால் நின்றுவிடும், இல்லையா?”

வண்டியை இரவு அங்கேயே விட்டுவிட்டு, விடியற்காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார். முழுக்க ஆறிய எஞ்சின்தான் வேண்டும் என்றார்.

போனபோது பானெட்டைத் திறந்து வைத்திருந்தார். ஒரு கையில் சவர்க்கார நீர் நிரப்பிய தெளிப்பான். இன்னொரு கையில் முழ நீள ரப்பர் குழாய். அதன் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை எஞ்சினைச் சுற்றி நகர்த்துவார். உதவிக்கு இருந்த பையன் பட்டறைக்கு வெளியே, திறந்தவெளியில் சைலன்சர் முனையை ஈரச் சாக்கால் சில நொடி மட்டும் பொத்தினான். புகையில் கார்பன் மோனாக்சைடு இருப்பதால் இதை மூடிய இடத்தில் ஒருபோதும் செய்யக்கூடாது என்று பையனுக்குச் சொல்வது போல எனக்கும் சொன்னார். சாவியைத் திருப்பச் சொன்னார். எஞ்சின் பிடித்தது. டிக் டிக் டிக். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே எடுக்கும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு எஞ்சினோடு சேரும் இடத்தில் நீரைத் தெளித்தார். முதல் சிலிண்டரில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒன்றுமில்லை. மூன்றாவதன் கீழ்விளிம்பில் நீர் நுரைத்துக் கொப்புளித்தது. ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு கொப்புளம் வெடித்தது. கொஞ்ச நேரத்தில் இரும்பு சூடேறி, கொப்புளங்கள் சிறுத்து, ஒலியும் நின்றது.

“இங்கே பாருங்கள்” என்று டார்ச்சை அடித்தார். அந்த விளிம்பிலிருந்து மேல்நோக்கி, மை தொட்டு இழுத்தது போல ஒரு கரிக்கோடு. மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்களில், அதாவது தலையில்லாத திருகாணிகளில், ஒன்று உடைந்து, நட்டோடு எப்போதோ விழுந்துவிட்டிருந்தது. பிடி தளர்ந்த இடத்தில், இணைப்பில் கசிவு வராமல் அடைக்கும் கேஸ்கட் தகடு எரிந்து நகத்தின் கனத்துக்கு ஓர் இடைவெளி.

புகை வெளியே போக வேண்டிய ஓட்டை வழியாகக் காற்று எப்படி உள்ளே வரும் என்று கேட்டேன். அவர் தன் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டிக் காட்டினார். புகை குழாயில் ஆறு போல ஒரே சீராக ஓடுவதில்லை. வால்வு திறக்கும்போதெல்லாம் ஓர் அடி, பிறகு ஒரு வெறுமை, பிறகு இன்னோர் அடி. அடி விழும்போது புகை ஓட்டை வழியே வெளியே பீறிடும். அதுதான் நாம் கேட்கும் டிக். அடி கடந்துபோன மறுகணம் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும். அப்போது அதே ஓட்டை வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். இரும்பு சூடேறி விரிந்தால் இடைவெளி சுருங்கி ஒலி கேட்காமல் போகும். ஆனால் முழுக்க அடைபடாது. வெளிக்காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். ஒரு கை அகலத்துக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் முன்சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துவிட்டு, பார்த்ததைப் பார்த்தபடியே சொல்லியிருக்கிறது. பழைய சென்சாரும் அதையே சொன்னது, 6,800 ரூபாய் கொடுத்து வாங்கிய புதியதும் அதையே சொன்னது. அதை நம்பி இசிஎம் பெட்ரோலைக் கொட்டியிருக்கிறது.

பழைய சென்சார் டிக்கியில் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைக் குறட்டில் பிடித்து, பற்றவைப்புக்கு வைத்திருந்த சிறு கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் முனையைக் காட்டினார். நான்கு ஒயர்களில் வெள்ளை இரண்டும் உள்ளிருக்கும் ஹீட்டருக்கானவை. கறுப்பிலும் சாம்பல் நிறத்திலும் மல்டிமீட்டரின் முனைகளைப் பிடிக்கச் சொன்னார். முதலில் பூஜ்யம். முனை மங்கலாகச் சிவக்கத் தொடங்கியதும் எண் ஏறியது. 0.31, 0.64, 0.87. சுடரிலிருந்து விலக்கினார், ஒரே நொடியில் 0.1-க்குக் கீழே விழுந்தது. மறுபடி சுடருக்குள், மறுபடி 0.87. ஹீட்டர் ஒயர்களையும் அளந்தோம், அறுபடவில்லை. நூறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் புகைக்குள்ளேயே இருந்த அந்தச் சின்னப் பொருள் நல்ல நிலையில் இருந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு நல்ல வேலையாளைத் திருட்டுப் பழி சுமத்தி வெளியே அனுப்பிய உணர்வு.

உடைந்த ஸ்டட்டை எடுப்பதுதான் கடினமான வேலை. சிலிண்டர் தலையோடு ஒட்டி முறிந்திருந்தது. துருநீக்கி ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, அதன் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்து, சூடு ஆறும்போது மெல்ல மெல்லத் திருப்பி எடுத்தார். அவசரப்பட்டால் தலைக்குள் இருக்கும் மரை போய்விடும்; அதன்பின் செலவு வேறு கணக்கு. புதிய கேஸ்கட் 350 ரூபாய், ஸ்டட்டும் நட்டும் 180, பிளக் நான்கும் புதிது 600, கூலி 1,800. கரி படிந்த பிளக்குகளைச் சுத்தம் செய்தே போடலாம் என்றார்; நான்தான் மாற்றச் சொன்னேன்.

பட்டறைகள் சென்சாரை ஏன் இவ்வளவு எளிதில் குற்றவாளியாக்குகின்றன என்று அவரிடம் கேட்டேன். ஸ்கேனர் காட்டும் சொற்றொடரில் சென்சாரின் பெயர் இருக்கும், அல்லது நினைவுக்கு வரும், அவ்வளவுதான் என்றார். சென்சார்கள் கெடுவதே இல்லை என்று அவர் சொல்லவில்லை. கெடும். ஆனால் பல நேரம் அதற்கு முன் அதற்குப் போகும் ஒயரோ சாக்கெட்டோ கெட்டிருக்கும். மழைக்காலத்தில் எலி பானெட்டுக்குள் குடிவந்து ஒயரைக் கடிப்பது தேனி மாவட்டத்துத் தோட்ட வீடுகளில் ஆண்டு தவறாத கதை. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரான கூலன்ட்டின் வெப்பச் சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். பல வண்டிகளில் 20 டிகிரியில் 2,500 ஓம் அளவிலும் 80 டிகிரியில் 300 ஓம் அளவிலும் இருக்கும். அதன் ஒயர் அறுந்துவிட்டால் ஸ்கேனரில் வெப்பம் −40 டிகிரி என்று தெரியும். போடியில் எந்த மார்கழியிலும் −40 வராது. அந்த எண்ணைப் பார்த்ததும் சென்சாருக்கு ஆர்டர் கொடுக்காமல், சாக்கெட்டைக் கழற்றி அதன் இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துப் பார்ப்பாராம். எண் ஒரேயடியாக மேலே தாவினால் ஒயரும் இசிஎம்மும் சரி, சென்சார்தான் தவறு. தாவவில்லை என்றால் தேட வேண்டிய இடம் ஒயர். பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட் இணைப்பைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்று ஷார்ட் ஆனால் தொடர்பில்லாத நான்கு பிழைகள் சேர்ந்தே வரும் என்றும் சொன்னார். நான்கு பிழை என்றால் நான்கு சென்சார் என்று பட்டியல் போட்டுவிடுவார்கள்.

வண்டி சரியான பிறகும் கருவியைச் செருகிப் பார்க்கும் ஆர்வம் போகவில்லை. கடை வேலையாகப் போடிமெட்டு ஏறும் நாள்களில், எஞ்சினை நிறுத்திச் சாவியை மட்டும் போட்டு, காற்றழுத்தம் பார்க்கும் மேப் சென்சாரின் எண்ணைக் குறித்துவருகிறேன். ஊரில் 97 கிலோபாஸ்கல். மேலே சோதனைச் சாவடிக்கு அருகில், மூடுபனிக்குள், 86. ஒரு மலையின் உயரம் முழுவதும் அந்தச் சிறிய பெட்டிக்குள் வந்துவிடுகிறது. சென்சார் சரியாக இருக்கிறதா என்று அறிய இதைவிட எளிய சோதனை இல்லை, செலவும் இல்லை.

திருத்தங்கள் ஒரே நாளில் இறங்கவில்லை. விளக்கை அழிக்க வேண்டாம், தானே கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டோம். முதல் நாள் சும்மா ஓடும்போது 19, பிறகு 11, ஒரு வாரத்தில் 4. பின்சென்சார் 0.8-ஐ விட்டு இறங்கி 0.65-ஐ ஒட்டி அமைதியாக நின்றது. கன்வர்ட்டர் தப்பிவிட்டது. மூன்றாம் நாள் மாலை கடைக்கு முன்னால் சாவியைத் திருப்பியபோது மஞ்சள் விளக்கு எரிந்து, அணைந்தது. லிட்டருக்கு 16.8 கிலோமீட்டர் வந்தது. காலையில் வண்டியைக் கிளப்பினால் தையல் மெஷின் ஓடுவதில்லை. அம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டுத் தலையசைத்தார்.

முதல் பட்டறைக்கும் போனேன். சண்டை போடப் போகவில்லை. நுரை கொப்புளித்த படத்தையும், எண்கள் எழுதிய தாளையும் அந்த இளைஞரிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தாளையே கொடுத்துவிட்டு வந்தேன்.

பழைய சென்சாரைத் துடைத்து, காலியான ஏலக்காய் டப்பா ஒன்றில் வைத்திருக்கிறேன். உள்ளே ஒரு சீட்டு: கழற்றிய தேதி, 1,12,340 கிலோமீட்டர், சுடரில் 0.87 வோல்ட், ஹீட்டர் சரி. டப்பா வண்டியின் டிக்கியிலேயே இருக்கிறது.